பல்லிக்கு ஏன் பதில் தட்டுகிறோம்

அந்தக் காலத்தில் ஊர்வதும் பறப்பதும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. பாட்டு என்றால் அது மருதந்தோப்பில்தான். தோப்புக்குத் தலைமை மயில். மயிலின் குரல் எப்படி என்று உங்களுக்கே தெரியும், அதை நான் வேறு சொல்ல வேண்டாம். ஆனால் யார் உள்ளே பாடலாம், யார் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்தது.

வௌவால் பறவையா விலங்கா என்று தெரியவில்லை, அதனால் அதற்கு இடமில்லை. தேரை பார்க்க லட்சணமாக இல்லையாம். பல்லிக்கு நாக்கைத் தட்டத்தான் தெரியும், பாட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

இவர்கள் தோப்புக்கு வெளியே பொந்து விழுந்த மரக்கட்டை ஒன்றை முரசாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் தோப்புக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அந்த முரசைத் திடலுக்கு இழுத்துவந்து, ஊரே பார்க்கக் கொளுத்தினார்கள். எரிய எரியச் சிறகடித்துச் சிரித்தார்கள். முரசு போனதைவிட அந்தச் சிரிப்புதான் பல்லியின் நெஞ்சில் தைத்தது.

கடற்கரையோரம் யாருக்கும் வேண்டாத உப்புக் கிடங்கு ஒன்று இருந்தது. நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. போக்கிடம் இல்லாதவர்கள் எல்லாம் அங்கே ஒதுங்கினார்கள். முரசு இல்லையே என்று தேரை அழுதது. பல்லி சுவரில் ஏறி நாக்கைத் தட்டியது. இச், இச், இச், இச். நடந்து போகிறவர் காலடி போல ஒரே சீராக. தேரை அதன்மேல் தன் அடிக்குரலைப் போட்டது. வௌவால் இறக்கையை விசிறியது. ஒருவர் பாட்டு முடிந்து அடுத்தவர் தொடங்கும்வரை பல்லி தாளத்தை விடாது, இரண்டையும் சேர்த்து ஒட்டுப் போட்டுவிடும். மூச்சுக்கூட விடாமல் ஏன் இந்தப் பாடு என்று வௌவால் ஒருமுறை கேட்டது.

"பாட்டு நின்னா எல்லாரும் வாசலைப் பாக்கீக. வெளிய நம்மள என்ன சொன்னாகன்னு ஞாபகம் வந்துருது. அதான் நிக்க விடமாட்டேன்" என்றது பல்லி.

கிடங்குக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்ளே வருகிறவர் தாளத்தைக் கேட்டதும் தரையைத் தட்ட வேண்டும். நானும் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். உப்பளத்தில் வேலை பார்த்த செல்வக்கனி வெயிலுக்கு அந்தச் சுவரோரம் வந்து உட்காருவாள். காலெல்லாம் உப்பு அரித்த புண். வலியை மறந்து அவள் விரலும் தரையைத் தட்டும். அவளையும் யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. கிடங்கை அவர்கள் வீடு என்றார்கள். பாட்டுக்கும் வீட்டுப் பாட்டு என்றே பெயர் வந்தது.

ஒரு மழைக்கு அங்கே ஒதுங்கியது தகைவிலான் குருவி. பனி நாடுகளுக்குப் போய்வருகிற பறவை அது. மழை விடும்வரை ஆடியது, தாளத்தைக் கற்றுக்கொண்டு பறந்துவிட்டது. போன இடமெல்லாம் அதைப் பாட, அங்கே பித்துப் பிடித்தாற்போல ஆடினார்கள். எங்கே கற்றாய் என்று யாரும் கேட்கவில்லை, குருவியும் சொல்லவில்லை.

அடுத்த பருவத்தில் அது திரும்பியபோது மயிலே எதிர்கொண்டு அழைத்தது. அயல்நாட்டுப் புது இசை என்று மருதந்தோப்பில் பெரிய விழா. முரசைக் கொளுத்தியவர்கள்தான் முன்வரிசை. கிடங்கிலிருந்த பல்லிக்குக் காற்றில் அந்தத் தாளம் கேட்டது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். நம்முடையது இவ்வளவு தூரம் போய்வந்திருக்கிறதே என்று நினைத்தது. பிறகுதான் வயிறு எரிந்தது. தேரையின் பெயரை, வௌவாலின் பெயரை, அந்த வீட்டின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. இப்படியே விட்டால் அவர்கள் இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

பல்லி கூட்டத்துக்குள் புகுந்து மேடை ஏறியது. காவலுக்கு நின்ற காக்கை ஓடிவந்து அதன் வாலைக் கொத்திப் பிடித்தது. பேச வாயெடுத்தால் இழுத்தது. இறங்கிவிட்டால் உயிரும் வாலும் மிச்சம். பல்லி பல்லைக் கடித்துக்கொண்டு வாலை அறுத்து விட்டது.

அறுந்த வால் மேடை நடுவில் விழுந்து துடித்தது. குருவி திகைத்துப் பாட்டை நிறுத்திவிட்டது, வால் நிறுத்தவில்லை. அதே தாளத்தை, அதே சீராகத் தரையில் அடித்துக்கொண்டிருந்தது.

குருவி தலையைக் குனிந்துகொண்டது. "இது பனி நாட்டுப் பாட்டு இல்ல. உப்புக் கிடங்குல இவுககிட்ட கத்துக்கிட்டேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல. சொல்லியிருக்கணும்."

மயில் லேசுப்பட்டதா என்ன. தோகையைச் சரிசெய்துகொண்டு பல்லியிடம், "அப்ப நீ இங்கயே இருந்துக்கோ. மேடையில இடம் தாரோம். நீ மட்டும். வௌவாலு, தேரையெல்லாம் வேண்டாம்" என்றது.

அந்த இடத்துக்காகப் பல்லி எவ்வளவு ஏங்கியிருக்கிறது. ஆசை அப்போதும் இருந்தது. "நான் தனியா எதையும் பாடலயே. அவுக இல்லன்னா இது வெறும் சத்தம்" என்று சொல்லிவிட்டு, வாலில்லாமல் இறங்கி நடந்தது.

ஆனால் வால் எவ்வளவு நேரம் துடிக்கும்? தோப்பு நாளைக்கே மறந்துவிடும் என்று பல்லிக்குத் தெரியும். மறக்கிறவர்களிடம் கிடங்கில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும். வௌவாலிடமும் தேரையிடமும் விடைபெற்றுக்கொண்டு அது மனிதர்களின் வீடுகளைப் பார்த்துக் கிளம்பியது.

முதலில் நுழைந்தது செல்வக்கனியின் வீட்டில். அவள் கால் புண்ணுக்கு எண்ணெய் தடவியபடி புருஷனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்து இச், இச் என்று கேட்டதும் பேச்சை அப்படியே நிறுத்தினாள். விரலால் தரையைத் தட்டினாள். எதற்குத் தட்டுகிறாய் என்று அவன் கேட்டான்.

"கேட்டுட்டேன்னு சொல்லணும்லா" என்றாள் அவள்.

அன்று முதல்தான் பல்லி நம் வீட்டுச் சுவரில் குடியிருக்கிறது. பிடித்து நிறுத்தப் பார்த்தால் வாலை விட்டுவிட்டுப் போகிறது. அது சத்தம் கொடுத்தால் நாமும் பேச்சை நிறுத்தி விரலால் தட்டுகிறோம், சகுனம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம். யாருடைய தாளம் என்பது நமக்கு மறந்துவிட்டது. விரலுக்கு மறக்கவில்லை.