நாலு நிற முட்டையும் கோழியின் காதும்

முன்னொரு காலத்தில் பூவாற்று நாட்டை வேங்கையப்பர் என்று ஒரு ராசா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் மனசுக்குள் ஓர் ஆசை புகுந்துவிட்டதோ, போச்சு! அது நிறைவேறும்வரை அரண்மனையில் ஒருத்தருக்கும் நிம்மதி கிடையாது.

ஒருமுறை பக்கத்து நாட்டு விருந்துக்குப் போய்வந்தார். அங்கே வெள்ளை, தவிட்டு நிறம், செங்கல் நிறம், நீலம் என்று நாலு நிறத்தில் கோழிமுட்டை வைத்திருந்தார்களாம். வந்ததும் வராததுமாகச் சபையைக் கூட்டினார்.

"நம்ம கொல்லையிலும் அந்த மாதிரிக் கோழிகள் வேண்டும். யார் பொறுக்கித் தருவது?"

உக்கிராண அதிகாரி திருமேனிநாதர் முன்னே வந்தார். அரண்மனைச் சாமான் அறைகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. "இதென்ன பிரமாதம், மகாராஜா? நான் பொறுக்குகிறேன்."

"கோட்டைத் தெருச் சடையம்மாளையும் கூப்பிடும். அவள் கொண்டுவரும் முட்டைக்கு ஒரு தனி ருசி ஓய்!"

அதிகாரிக்கு வயிறு எரிந்தது. ஏற்கெனவே சடையம்மாளின் சேவல் விடியும் முன்னே கூவிக் கூவி, அதே தெருவில் குடியிருந்த அவர் தூக்கத்தைக் கெடுத்துவந்தது. இதுதான் சமயம் என்று நினைத்தார்.

"அப்படியானால் போட்டியாகவே வைப்போம், மகாராஜா. ஆளுக்கு நாலு கோழி, ஒரு மாதம் கெடு. அவள் தோற்றால் வீட்டில் இருக்கிற கோழி அத்தனையும், அந்தச் சேவலையும் சேர்த்து, மடைப்பள்ளிக்கு வந்துவிட வேண்டும்."

ராசாவும் விளையாட்டாகத் தலையாட்டிவிட்டார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டுச் சொன்னதும் சடையம்மாளுக்குத்தான் பகீரென்றது. சேவலோடு சேர்த்து வீட்டிலிருந்த பதினெட்டு உருப்படிதான் அவளுக்குச் சோறு போட்டது. ராசாவிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? "சரிங்க மகராசா" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

சந்தை கூடியது. அதிகாரி பல்லக்கில் வந்து இறங்கினார். "வெள்ளைக் கோழி வெள்ளை முட்டை இடும். சிவப்புக் கோழி செங்கல் நிறத்தில் இடும். பழுப்புக் கோழி தவிட்டு முட்டை. கறுப்பில் நீலம் மின்னுகிறதே, அது நீல முட்டை! இதற்கு மூளை வேறு வேண்டுமா?" என்று பளபளவென்று நாலை வாங்கினார்.

சடையம்மாள் இறகைத் திரும்பியே பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கோழியின் காதோரத்தையும் விலக்கி விலக்கிப் பார்த்தாள். காதுச் சதை வெளுத்திருந்தால் வெள்ளை முட்டை, சிவந்திருந்தால் தவிட்டு முட்டை. கோழியோடு பழகுகிறவர்கள் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். அப்படி இரண்டு பொறுக்கினாள். மற்ற இரண்டு நிறத்துக்கும் காது போதாது, உள்ளூர் இனமும் உதவாது. செங்கல் நிறத்துக்குக் காலெல்லாம் இறகு முளைத்த வெளியூர்க் கோழி ஒன்று. நீலத்துக்கு, கப்பல்காரன் ஒருவன் கொண்டுவந்த, கன்னத்தில் முடிக்குச்சம் வைத்த ஒரு விசித்திரக் கோழி. நாலும் பார்க்கச் சோனியாக இருந்தன.

"என்னடி, கோழிக்குக் காது குத்தித் தோடு போடப் போகிறாயா?" என்று அதிகாரி கேட்க, சந்தையே சிரித்தது. அவள் அவருடைய கூண்டை ஒரு பார்வை பார்த்தாள். நாலும் உள்ளூர்க் கோழி, நாலுக்கும் சிவப்புக் காது. அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

அவள் நினைத்தபடியேதான் நடந்தது. அதிகாரியின் கோழிகள் நாலும் சொல்லிவைத்த மாதிரித் தவிட்டு முட்டையே இட்டன. மனுஷன் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கெடு முடிகிற நாள் நெருங்கியதும் சாயக்காரனைக் கூப்பிட்டனுப்பினார்.

போட்டி நாள். அதிகாரியின் தட்டில் முட்டைகள் கண்ணைப் பறித்தன. சடையம்மாளின் தட்டிலும் நாலு நிறம் இருந்தது. ஆனால் அவளுடைய நீலம் வெளுத்த நீலம், செங்கலும் மங்கலான செங்கல்.

"ஆகா! இதல்லவா நிறம்!" என்று ராசா அதிகாரியின் பக்கம் சாய்ந்தார்.

சடையம்மாள் அதிகாரியின் தட்டை உற்றுப் பார்த்தாள். உள்ளூர்ச் சிவப்புக் காதுக் கோழியாவது நீல முட்டை இடுவதாவது! ஆனால் தெருவில் முட்டை விற்கிறவள் எழுந்து, 'அதிகாரி ஏய்க்கிறார்' என்றால் சபையில் எடுபடுமா? எழுந்து கும்பிட்டாள்.

"மகராசா, ஒரு சாங்கியம் பாக்கி இருக்கு. புதுக் கொல்லையோட முதல் முட்டைய, வளர்த்தவங்க ஈரக் கையால எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும். அப்பத்தான் கொல்லை பெருகும்."

"நல்ல காரியம். செய்யுங்கள்" என்றார் ராசா.

அவள் கையை நனைத்து, செங்கல் நிறத்தை ஒரு கையிலும் நீலத்தை மறு கையிலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு செம்புத் தண்ணீரை அதிகாரியிடம் நீட்டினாள்.

"எனக்கு... ஜலதோஷம், மகாராஜா."

"மூக்குக்குத்தானே ஜலதோஷம்? கண்ணுக்கு என்ன வந்தது ஓய்? ஒற்றிக்கொள்ளும்!"

வேறு வழியில்லை. நனைத்தார், அதே இரண்டு நிறத்தையும் எடுத்தார், ஒற்றினார். கையை எடுத்தால் ஒரு கண்ணைச் சுற்றி அவுரி நீலம், மறு கண்ணைச் சுற்றிக் காவி! கையில் இரண்டு தவிட்டு முட்டைகள் பல்லை இளித்தன. சபை கொல்லென்று சிரித்தது.

ராசா சிரித்து ஓய்ந்து, "உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார்.

"அதிகாரி இறகைப் பார்த்தாரு, நான் காதைப் பார்த்தேன். அவரோட உள்ளூர்க் கோழி நீல முட்டை இட்டா, என் வீட்டுச் சேவலும் இடும், மகராசா."

"அந்தச் சாங்கியம் எந்த ஊர் வழக்கம்?"

"இந்த ஊருதான். அவர் தட்டைப் பார்த்ததும் பிறந்தது."

ராசா தொடையில் தட்டினார். "ஓய் திருமேனிநாதரே, சந்தையில் தோடு பற்றிக் கேட்டீராமே? நல்ல பொன்னில் ஒரு ஜோடி செய்யும், இவள் காதுக்கு. இனி என் கொல்லைக்குக் கோழி பொறுக்குவது இவள். அதற்குத் தீனி வைப்பது நீர். இவள் சேவல் கூவும்போது நீர் கொல்லையில் நிற்க வேண்டும்!"

மறுநாள் சேவல் கூவியது. திருமேனிநாதர் கம்புத் தானியக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டாவி விட்டபடி தெருவில் போனார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த சடையம்மாள் நிமிர்ந்தாள்.

"என்ன சாமி, அதுக்குள்ள எழுந்தாச்சா?"

"உன் சேவல் தூங்க விட்டால்தானே!" என்றார் அவர். கூடையிலிருந்து ஒரு கைப்பிடிக் கம்பை எடுத்துச் சேவலுக்கும் வீசிவிட்டுப் போனார்.