நரியின் கடையில் சீம்பால்

ஒரு காட்டில் எருமைகளுக்கு நேர்ந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பிள்ளைகளே. முதலில் அவற்றின் குட்டை பறிபோனது. அடுத்துப் புல்வெளி. அதற்கடுத்துப் பால். கடைசியில் சீம்பாலும் போனது. ஒவ்வொரு முறையும் எருமைகள் தலையைக் குனிந்துகொண்டன.

சீம்பால் என்பது கன்று ஈன்றதும் மடியில் முதலில் சுரக்கும் மஞ்சள் பால். முன்பெல்லாம் கன்று வயிறாரக் குடித்து மிஞ்சியதைத்தான் அக்கம்பக்கத்து விலங்குகள் குடித்தன. ஒருமுறை காய்ச்சலில் கிடந்த முயல் அதைக் குடித்தது. மறுநாள் எழுந்து ஓடியது. காய்ச்சல் தானாகவே இறங்கியிருக்கலாம். யாரும் அதைக் கேட்கவில்லை. நரி அன்றே கடை போட்டது.

"நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடாதீர்கள். கழிச்சல் கண்டு செத்துப்போகும்" என்று எருமைகளிடம் சொன்னது நரி. அவை நம்பின. நஞ்சுக்கொடி விழுவதற்குள் நரி கறந்துகொண்டு போனது.

கன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. எழுந்து நின்ற கன்றுக்குத்தான் அந்தக் காட்டில் பெயர் வைப்பார்கள். செத்தவை பெயரில்லாமலே போயின.

ஒருநாள் காலையில் காரி என்ற எருமை கன்று ஈன்றது. நரி வழக்கம்போல் தன் பெயர் எழுதிய பானையில் சீம்பாலைக் கறந்து சென்றது. காரியின் முதுகில் உண்ணி பொறுக்கும் மைனாவுக்கு எதையும் கேட்டுப் பார்க்கும் குணம். அது கடைக்குப் பறந்தது.

அங்கே கரடி விலையாகக் கொடுக்கத் தேனடையோடு காத்திருந்தது. யானை வேடிக்கை பார்த்தது.

"நரி மாமா, இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டது மைனா.

"பலம். எழ முடியாதவனும் எழுவான்."

"கரடி அண்ணனால்தான் எழ முடிகிறதே?"

"இன்னும் நன்றாக எழலாமே" என்றது கரடி.

"எழவே முடியாத ஒருவன் இருக்கிறான், மாமா. அவனை எழுப்பிக் காட்டு. காடே உன் கடைக்கு வரும்."

நரிக்கு ஆசை முந்தியது. பானையைத் தூக்கிக்கொண்டு மைனாவின் பின்னால் ஓடியது. மற்ற விலங்குகளும் தொடர்ந்தன.

காரியின் கன்று புல்லில் துவண்டு கிடந்தது.

நரி பின்வாங்கியது. "இவனுக்கா? இன்னும் நஞ்சுக்கொடி விழவில்லை. கழிச்சல் வரும்."

"அப்படியானால் எனக்கு வராதா?" என்று கேட்டது கரடி.

நரி பானையை மார்போடு அணைத்துக்கொண்டது.

"ஒரே பானையில் இவனுக்கு விஷமும் அவனுக்கு மருந்துமா? கொடு இப்படி" என்றது யானை. பானையை வாங்கி, கன்றின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியது.

வெயில் சாய்வதற்குள் கன்று முன்னங்கால்களை ஊன்றியது. விழுந்தது. மறுபடி ஊன்றி எழுந்து நின்றது.

"பார்த்தீர்களா என் சரக்கை?" என்றது நரி.

"அவன் அம்மாவின் பால் அது" என்றது மைனா.

கரடி தேனடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தது.

காரி முதன்முறையாகத் தலை நிமிர்ந்தது. கன்றுக்கென்று ஒரு பெயரை மைனாவிடம் சொன்னது. மைனா பானையில் இருந்த நரியின் பெயரைச் சுரண்டிவிட்டு, அந்தப் பெயரை அலகால் கீறியது. யானை பானையை உயரத் தூக்கி, எல்லா விலங்குகளும் சாட்சியாக வாய்விட்டுப் படித்தது:

"மருதன்."

நீதி: மருந்தின் பலத்தைப் புகழுமுன், அது யார் வாயிலிருந்து பறித்தது என்று கேள்.