எல்லையாத்தா இடத்துல உக்காந்த ராசா

உம் கொட்டுறவங்களுக்குத்தான் கதை. கொட்டாவி விடுறவங்க இப்பவே படுத்துக்கோங்க, நடுவுல எந்திரிச்சு என்னாச்சுன்னு கேட்டா நான் சொல்ல மாட்டேன்.

முன்னொரு காலத்துல கரிசக்காட்டு ஓரமா ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருக்கு மருதப்பன்னு ஒரு ராசா. ஊரு எல்லையில ஒரு இலுப்பை மரம், அதுக்கடியில ஒரு கல்லு. மூக்கும் கிடையாது முழியும் கிடையாது, வெறும் கல்லு. அதைத்தான் எல்லையாத்தான்னு சனங்க கும்பிட்டாங்க.

அங்க ஒரு வழக்கம். மர நிழல்ல காலை வச்சதும் கண்ணை மூடிக்கணும். மூடுன கண்ணோட நடந்து போய் ஆத்தா முன்னால நின்னு, மனசுல கிடக்குறதை வாய்விட்டுச் சொல்லணும். சொல்லி முடிச்சாத்தான் கண்ணைத் திறக்கணும். பக்கத்துல யாரு நிக்குறா, யாரு கேக்குறான்னு பார்க்கக் கூடாது. ஏன்னு கேக்காதே, எனக்கும் தெரியாது. நாலு பேரு மூஞ்சியைப் பார்த்தா அழ வராதுன்னு நினைச்சாங்களோ என்னமோ.

இதை ராசா பார்த்தான். பார்த்துட்டு அவனுக்கு வயிறு எரிஞ்சுது. “கும்பிடு எனக்குப் போடுறானுக, அழுகிறதுக்கு மட்டும் அங்க போறானுகளா? அந்தக் கல்லுக்குக் காது இருக்கா? எனக்கு இருக்கு”ன்னு சொல்லி, கல்லைப் பேத்துட்டுப் போய் அரண்மனைப் பூந்தோட்டத்துல போட்டுட்டு, ஆத்தா இருந்த குழியை மூடி அதுமேல இவன் போய் உக்காந்துக்கிட்டான். கிரீடத்தை மாட்டிக்கிட்டு! சிரிக்காதீங்க, இன்னும் கதை இருக்கு.

முதல்ல ஒருத்தி வந்தா. கண்ணை மூடிக்கிட்டு, “ஆத்தா, எம் மகளுக்கு வலி எடுத்திருச்சு, பிள்ளை குறுக்கால கிடக்காம்”னு அழுதா. உடனே ராசா, “அழாதே, அரண்மனை மருத்துவச்சியை அனுப்புறேன்”னான். அவ திடுக்குன்னு கண்ணைத் திறந்தா. “மருத்துவச்சி வந்துட்டா மகராசா. அவ எம் மகளைப் பிடிச்சுக்கிட்டா. என்னைப் பிடிச்சுக்க யாருமில்லைன்னுதான் இங்க வந்தேன்”னு சொல்லிட்டுப் போயிட்டா.

அப்புறம் ஒரு வயசாளி வந்தாரு. கண்ணை மூடிக்கிட்டு, “ஆத்தா, இன்னைக்குக் கம்பு இடிச்சுக் கூழு காய்ச்சுனேன், அடிப்பிடிச்சுருச்சு. அவ இருந்தா திட்டியிருப்பா”ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. “உமக்கு என்னய்யா வேணும்?”னு ராசா கேட்டான். “ஒண்ணும் வேண்டாமே”ன்னாரு. “ஒண்ணும் வேண்டாம்னா எதுக்கு வந்தீரு?” “சொல்லத்தான் வந்தேன் மகராசா.” ராசாவுக்கு ஒண்ணும் விளங்கலை.

அப்புறம் காடு உழுற சம்சாரி வீட்டுப் பொம்பளை ஒருத்தி வந்தா, பேரு வெயிலுகந்தா. அவளும் கண்ணை மூடிக்கிட்டா. “ஆத்தா, இந்த ராசா கம்மாத் தண்ணியைப் பூராவும் தன் பூந்தோட்டத்துக்குத் திருப்பிக்கிட்டான். எங்க பயிரு காயுது, கேக்க நாதியில்ல. அவனுக்கு நல்ல புத்தியைக் குடு”ன்னா. பாவம், எதிர்ல யாரு இருக்கான்னு அவளுக்குத் தெரியாதுல்ல!

மத்தவங்க துக்கத்தைக் கேக்கத்தான் அவனுக்குக் காது இருந்துச்சு. தன்மேல சொல்லுற குத்தம் அந்தக் காதுல ஏறல. “எவ்வளவு திமிரு! இவ புருஷனைப் பிடிச்சுச் சிறையில போடு”ன்னான். அவ புருஷன் சீனியப்பன் வாயில்லாப் பூச்சி. காட்டுல களை பறிச்சுக்கிட்டிருந்தவனை அப்படியே இழுத்துட்டுப் போனாங்க. வெயிலுகந்தா ஆத்தா இருந்த இடத்து மண்ணை ரெண்டு கையாலயும் வாரி, அரண்மனை இருக்கிற திக்கைப் பார்த்துத் தூத்தினா. “எம் வீடு இருண்ட மாதிரி உன் வீடும் இருளட்டும்”னு தூத்தினா. மண்ணை வாரித் தூத்துறதுன்னா சும்மாவா? வயிறெரிஞ்சவ விடுற சாபம் அது.

அதுக்கப்புறம் ஊரு சனங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? ஊரு விட்டு ஊரு போறவங்க, சாமி இருந்த இடத்துல ஒரு பிடி மண்ணெடுத்துக்கிட்டுப் போய், போற இடத்துல வச்சுக் கும்பிடுவாங்க. பிடிமண்ணுன்னு அதுக்குப் பேரு. இவங்க ஊரை விட்டுப் போகலை, ஆனாலும் மண்ணை எடுத்துக்கிட்டுப் போய், ஓடைக்கு அந்தப் பக்கம் முள்ளு அடர்ந்த ஒரு உடைமரத்தடியில குவிச்சு வச்சுட்டாங்க. இங்க ராசா தினமும் வந்து உக்காந்து பார்த்தான். ஒரு காக்கா கூட வரல. “பார்த்தியா, என் ஆட்சியில யாருக்கும் குறையே இல்ல”ன்னு அவனே சொல்லிக்கிட்டான்.

இப்படி இருக்கையில அவன் ஒரே மக செண்பகத்துக்குக் காய்ச்சல் கண்டுருச்சு. வைத்தியரு வந்தாரு, கசாயம் குடுத்தாரு, கேக்கல. வேற ஊரு வைத்தியரு வந்தாரு, கேக்கல. மூணாவதா வந்தவரு, “குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டேன். இனிமே கும்பிடுங்க”ன்னு கையை விரிச்சுட்டாரு.

ராசா பூந்தோட்டத்துக்கு ஓடினான். கல்லு கிடந்துச்சு. அதுமேலதான் அவன் காலை வச்சு செருப்பு மாட்டுவான். அது முன்னால நின்னு கண்ணை மூடினான். மூடிட்டு என்ன சொன்னான்? “கல்லே, எம் மகளைப் பிழைக்க வை! இது ராச கட்டளை!”ன்னான். அவன் வாயில வேற பேச்சு வரமாட்டேங்குது. பிறந்ததுல இருந்து கட்டளை போட்டே பழகுன நாக்கு. கண்ணைத் திறந்தா கல்லு கல்லாவே கிடக்கு.

ராணி சொன்னா, “அந்தப் பொம்பளை மண்ணு தூத்துனாளே, அதுதான் நம்ம பிள்ளையைப் பிடிச்சிருக்கு. போங்க, சனங்க கும்பிடுற இடத்துக்குப் போங்க”ன்னா. ராசா பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, உச்சி வெயில்ல, ஓடையைத் தாண்டி நடந்தான். நடக்கையில கிரீடம் பிள்ளை நெத்தியில இடிச்சுச்சு. கழட்டி வீசிட்டான்.

உடைமரத்தடியில சனங்க வரிசையா நின்னாங்க. ராசா வந்தும் ஒருத்தரும் விலகலை. விலகாததுக்குக் காரணம் கோவம்னு நினைக்காதீங்க. எல்லாரும் கண்ணை மூடியிருந்தாங்க, வந்தது யாருன்னே தெரியாது! சரின்னு ராசாவும் கடைசியில போய் நின்னான். முன்னால நின்ன ஒவ்வொருத்தரும் சொல்லுறது அவன் காதுல விழுந்துச்சு. மாடு செத்துப்போன ஒருத்தன், வீட்டுக்கு வராத மகனை நினைச்சு ஒருத்தி, அடிப்பிடிச்ச கூழைப் பத்தி அந்த வயசாளி. அதையெல்லாம் கேட்டுக்கிட்டே நகர்ந்தான். அவன் முறை வந்துச்சு.

கண்ணை மூடினான். அப்புறம் மெதுவா, “ஆத்தா, எனக்குப் பயமா இருக்கு”ன்னான்.

அந்த ஒரு சொல்லு வந்ததும் மத்ததெல்லாம் தானா வந்துருச்சு. “கம்மாத் தண்ணியைத் திருப்பினது நான்தான். ஒரு பாவமும் அறியாதவனைச் சிறையில போட்டதும் நான்தான். எம் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது ஆத்தா”ன்னு, ஊரே கேக்க, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான்.

அப்ப யாரோ பிள்ளை நெத்தியில மண்ணைப் பூசுற மாதிரி இருந்துச்சு. கண்ணைத் திறந்தான். வெயிலுகந்தா!

“எம் புருஷன் இன்னும் உங்க சிறையிலதான் கிடக்காரு ராசா. உங்க மேல எனக்கு ஆத்திரம் தீரலை. ஆனா இந்தப் பச்ச மண்ணு என்ன செஞ்சுச்சு? அன்னைக்கு நான் தூத்துன மண்ணை இன்னைக்கு நானே பூசிட்டேன். உங்க வீடு இருளணும்னு ஆத்தாகிட்ட கேட்டது நான்தான். வேண்டாம்னும் நானே சொல்லிட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போங்க”ன்னா.

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா? விட்டுச்சு, விட்டுச்சு, அழாதே. வைத்தியரு தன் கசாயம்னாரு, ராணி ஆத்தான்னா. வெயிலுகந்தா, ராசா சிறையில இருந்து விட்ட புருஷனுக்குச் சோறு போட்டுக்கிட்டிருந்தா.

ராசா கம்மா மடையைத் திறந்துவிட்டான். பூந்தோட்டம் காஞ்சு சருகாச்சு. ஊரு கூடி ஒரு தண்டனை சொல்லுச்சு: கல்லை அவனே தலையில சுமந்து பழைய இடத்துக்குக் கொண்டு வரணும்னு. சுமந்தான். கழுத்து ஒடியச் சுமந்தான். இறக்கி வச்சுட்டு, “இங்க பெரிய கோயிலாக் கட்டித் தாரேன்”னான். “வேண்டாம் ராசா. கோயில் கட்டினா கதவு வைப்பீங்க, கதவு வச்சா காவலுக்கு ஆளு வைப்பீங்க. அப்புறம் நாங்க எங்க போய் அழ?”ன்னு கேட்டா வெயிலுகந்தா. அவனும் கோயில் பேச்சை விட்டுட்டான்.

அப்ப சாமி கல்லுல இருந்துச்சா, மண்ணுல இருந்துச்சான்னு கேக்குறியா? எனக்கென்ன தெரியும். கையில இருக்குறதெல்லாம் தோத்துப்போன அன்னைக்கு, பயமா இருக்குன்னு சொல்ல மனுசனுக்கு ஒரு இடம் வேணும். அந்த இடத்துல ராசாவும் வரிசையிலதான் நிக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

வரிசையில நின்னவன் வீடு போய்ச் சேர்ந்தான், கதை சொன்ன வாய்க்கு வெத்திலை, கேட்ட கண்ணுக்குத் தூக்கம். போர்வையை இழுத்துக்கோங்க.