கோளரிப் புலவர் வெட்டிய வரி

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, சங்குமுனை நாட்டை வச்சிரவேலன் என்ற ராஜா ஆண்டுவந்தார். பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி குரல். நினைத்தால் நினைத்ததுதான்!

ஒருநாள், "கடலைப் பற்றி ஒரு நூல் வேண்டும்!" என்று முழங்கினார்.

"அடியேன் இருக்கக் கவலையேன், மகாராஜா?" என்று மூக்காலேயே பேசினார் கோளரிப் புலவர். மூன்று மாதம் கரையில் உட்கார்ந்து, மீனவப் பெண் நீலாச்சி சொல்லச் சொல்ல எழுதினார். நூலில் தன் பெயரை மட்டும் போட்டார். அவள் சொன்ன ஒன்றை வெட்டியும் விட்டார்: 'சொறிமீன் கூட்டமாகக் கரை ஒதுங்கினால் கடல் பொங்கப்போகிறது, இறங்காதே.'

"சொறியாம்! சீச்சீ, செய்யுள் நாறிப்போகும்!"

கடலில் இறங்க நல்ல நாள் என்று நூல் குறித்த ஒரு நாளில், கரையெல்லாம் கண்ணாடிக் கூழ் மாதிரிச் சொறிமீன். மீனவர்கள் தயங்கினார்கள்.

"நூலை மீறுவதா? இறங்குங்கள்!" என்றார் ராஜா.

ஏழு பேர் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

நீலாச்சி சபைக்கு வந்தாள். "போனவங்க போயிட்டாங்க சாமி. நாளைக்கும் நல்ல நாளுன்னு நூல்ல இருக்காம். சொறி இன்னும் ஒதுங்கிட்டே இருக்கு. மிச்சம் இருக்கிறவங்களையாவது அனுப்பாதீங்க."

"எழுத்தே தெரியாதவள், மகாராஜா! நூல் முழுக்க என் சொந்த அறிவு," என்றார் புலவர்.

அமைச்சர் தேனப்பர் தொண்டையைச் செருமினார். "அப்படியானால் நாளைக்குக் கிளம்பும் முதல் கட்டுமரத்தில் நூலாசிரியரே போகட்டும். அந்தக் கௌரவம் வேறு யாருக்கு?"

மறுநாள் காலை. புலவர் கட்டுமரத்தில் ஒரு காலை வைத்தார். மெல்லத் திரும்பி நீலாச்சியிடம் கிசுகிசுத்தார்: "தாயே, போகலாமா?"

"அவளை ஏன் கேட்கிறீர், புலவரே?" என்றார் அமைச்சர். "நூல் உம் கையில்தானே இருக்கிறது?"

புலவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். ராஜாவின் குரல் கம்மியது. "இறங்கச் சொன்னது நான்தானே..." கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீலாச்சியிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "இனிமே எழுதுறதை எங்க முன்னாடி வாசிக்கணும். நாங்க சரின்னு சொன்னாத்தான் நூல்."

"அப்படியே ஆகட்டும் அம்மா. முதல் ஏட்டில் உன் பெயரைப் போடச் சொல்லட்டுமா?"

"போனவங்க பேரைப் போடுங்க."

புலவர் எழுத்தாணியை எடுத்தார். ஆறு பெயர் சொன்னாள். ஏழாவது ஆள் அவள் புருஷன். கட்டினவன் பெயரைப் பெண்டாட்டி சொல்வது அந்தக் கரையில் வழக்கமில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

புலவர் காத்திருந்தார்.

கரையில் நின்ற ஜனம் மொத்தமும் அவளுக்காகச் சொன்னது:

"சேந்தன்."