பாலத்துக்கிட்ட தட்டுற படகு

ஒரு ஊர்ல ஒரு கால்வா இருந்துச்சு. கால்வான்னா நம்ம தெருமுனையில நாறுதே, அது இல்ல. கடலுக்குத் துணையா பக்கத்துலயே நடந்து போற மாதிரி நீளமா, ஒடுக்கமா ஒண்ணு. உப்புத் தண்ணி. எதிர எதிர ரெண்டு படகு வந்தா ஒண்ணு கரையோரம் ஒதுங்கி நிக்கணும், அவ்வளவுதான் அகலம். அந்தக் கால்வா ஓரத்துல பூங்காவனம்னு ஒருத்தி இருந்தா. போர்வையை இழுத்துக்கோ. ம் சொல்லு.

"ம்."

பூங்காவனத்துக்கும் அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கும் இறால் பிடிக்கிற வேலை. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவு தண்ணியில இறங்கி, குனிஞ்சு, கையால சேத்தைத் தடவித் தடவிப் பிடிக்கணும். பிடிச்சதை எதுல போடுறது? ஒரு ஓலைக்கூடை. அந்தக் கூடையைப் பல்லுல கடிச்சுக்கிட்டே போவாங்க. வாயில கூடை இருந்தா பேச முடியுமா? முடியாது. அதனால அந்தப் பொம்பளைங்க தண்ணிக்குள்ள ஊமை. கரையேறினா ஒருத்தி வாயும் ஓயாது.

ஒரு நாள் என்ன ஆச்சு, சேத்துக்குள்ள கிடந்த சிப்பி ஓடு பூங்காவனத்தோட காலைக் கிழிச்சுடுச்சு. சர்ருன்னு. புண்ணு ஆறவே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா, "இனிமே உப்புத் தண்ணியில காலை வச்சே, அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும்"னுட்டாங்க. அப்போ அவ சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவா? வேற வேலை அவளுக்குத் தெரியாது.

அப்புறம் அவளுக்கு ஒரு யோசனை வந்துச்சு. இறால் கிடைக்கிற இடம் ரொம்ப தூரம். பொம்பளைங்க எல்லாம் சுடுமணல்ல நடந்தே போறாங்க. நாம ஒரு படகு வச்சு கூட்டிட்டுப் போனா என்ன? திரும்பி வரும்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி இறால் குடுத்தா போதுமே. அவகிட்ட ரெண்டு ஆடு இருந்துச்சு. அதை ஓட்டிக்கிட்டுப் போயி, விறகு ஏத்துற முனிரத்தினத்துகிட்ட குடுத்துட்டு, அவன் ஓட்டிக்கிட்டிருந்த பழைய படகை வாங்கிட்டு வந்தா. கால்வா மாதிரியே ஒடுக்கமான படகு. பச்சைப் பெயிண்டு அடிச்சிருந்துச்சு.

முத நாள். பொம்பளைங்க எல்லாம் கூடையை மடியில வச்சுக்கிட்டு ஏறி உட்கார்ந்தாங்க. பூங்காவனம் பின்னால நின்னு மூங்கில் கழியை ஊனித் தள்ளுறா. சளக்... சளக்... போகுது படகு. வழியில ஒரு பழைய பாலம். அந்தப் பாலத்துக்கிட்ட போனதும் படகோட முன்பக்க மூக்குக்குள்ள இருந்து...

டொக். டொக். டொக்.

"யாரு சித்தி தட்டுனா?"

அதைத்தான் அவங்களும் கேட்டாங்க. முன்னால ஒருத்தரும் இல்ல. "ஐயோ"ன்னு ஒரே கூச்சல். பூங்காவனம் கழியை வேக வேகமா குத்தி, பாலத்தைத் தாண்டிட்டா. சத்தம் நின்னுடுச்சு. அங்க தொளசியக்கான்னு ஒரு வாயாடி இருந்தா. அவ சொன்னா, "ஏண்டி பூங்கா, ஆட்டைக் குடுத்துப் பேயை வாங்கிட்டு வந்திருக்கியேடி! ஆடாவது பால் குடுக்கும்."

ரெண்டாம் நாள் பாதிப் பேர்தான் ஏறினாங்க. பாலத்துக்கிட்ட டொக், டொக், டொக். மூணாம் நாள் ஒருத்தியும் ஏறல. தொளசியக்கா கரையிலயே நின்னுக்கிட்டு, "இது யாரு படகு, எதுக்கு வித்தாங்கன்னு கேட்டுட்டு வா. தெரியாத படகுல நாங்க காலை வைக்க மாட்டோம். அடுத்த மழை பெஞ்சா இறால் நிறையக் கிடைக்கிற காலம் வந்துடும். அதுக்குள்ள வரலைன்னா நாங்க வேற படகு பேசிக்குவோம்"னு சொல்லிட்டா.

ஆடும் போச்சு. காலும் இப்படி. அப்போ பூங்காவனம் படகுக்குள்ள தனியா உட்கார்ந்து, அதை நல்லா சுத்திப் பார்த்தா. மூக்குப் பக்கம் ஒரு சின்னப் பலகை இருந்துச்சு, உட்கார்ற பலகை. அவ உட்கார்ந்து பார்த்தா. முட்டி ரெண்டும் மார்ல இடிக்குது. பெரியவங்க உட்கார முடியாத பலகை எதுக்கு? அவளுக்கு விளங்கல. அப்புறம் கத்தியை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டினா. சுர்ர்ர்... சுர்ர்ர்... பச்சைக்குக் கீழே நீலம். இன்னும் சுரண்டினா. நீலத்துக்குக் கீழே கறுப்பா தார். உதிர்ந்த சில்லை எல்லாம் முந்தானையில முடிஞ்சுக்கிட்டுக் கிளம்பிட்டா. ம்?

"ம்."

முதல்ல முனிரத்தினம். விறகு அடுக்கிக்கிட்டிருந்தான். "ஏண்ணே, படகு தட்டுதே, உனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டா.

"தட்டும். பாலத்துக்கிட்ட மட்டும்தான்."

"சொல்லவே இல்லையே!"

"நீ கேட்கவே இல்லையே!" அவன் தலையைச் சொறிஞ்சான். "நான் ஒண்ணும் பண்ணலம்மா. ரேடியோவைச் சத்தமா வச்சுக்குவேன். பாலம் வந்தா இன்னும் ரெண்டு குத்து வேகமா குத்திப் போயிடுவேன்."

அவ நீலச் சில்லைக் காட்டினா. "இந்தக் கலரா? கிளிஞ்சல் சூளைக்குப் போ. அங்க ஒரு வீட்டுக் கதவு இதே நீலத்துல இருக்கும். மீந்த பெயிண்டைக் கதவுக்கு அடிச்சுட்டாங்க"ன்னான்.

அப்புறம் அவ நடந்தா, நடந்தா, நொண்டி நொண்டி நடந்தா. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குற இடம். எங்க பார்த்தாலும் புகை, வெள்ளைத் தூசி. மரம் வெள்ளை, நாய் வெள்ளை. ஒரே ஒரு கதவு மட்டும் நீலம். உள்ள இருந்து சின்னபொண்ணுன்னு ஒருத்தி வந்தா. அவளும் வெள்ளை, கண்ணு ரெண்டும்தான் கறுப்பு.

"அந்தப் படகா? அது இன்னும் தட்டுதா?"ன்னு அவளே கேட்டுட்டா. "மூக்குக்குள்ள எதுவோ இருக்குன்னு பயந்துக்கிட்டு, எட்டிக்கூடப் பார்க்காம உள்பக்கமா ஒரு பலகை வச்சு ஆணி அடிச்சு மூடினது நான்தான்."

"சத்தம் நின்னுச்சாக்கா?"

"குறைஞ்சுது. நிக்கல. பாலத்தைத் தாண்டுற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே தள்ளா தள்ளுவேன். பிள்ளைகுட்டிக்காரி, என்ன பண்றது?"

தார் சில்லைக் காட்டினதும் அவ முகம் சுருங்கிடுச்சு. "முகத்துவாரத்துல கன்னியப்பன்னு ஒருத்தரு. வைக்கோல் ஏத்திக்கிட்டிருந்தாரு. அவர்கிட்ட வாங்கினதுதான். விக்கும்போது படகைப் பார்க்கவே இல்லடியம்மா. முதுகைக் காட்டிக்கிட்டு நின்னே கயித்தைக் குடுத்தாரு. எனக்கு அப்பவே என்னவோ போல இருந்துச்சு. ஆனா கேட்கல."

யாருமே கேட்கல, பார்த்தியா.

அப்புறம் மூணாவதா முகத்துவாரம். கன்னியப்பன் வீட்டுல கால்வா பக்கம் ஒரு சன்னல் இருந்துச்சு. அதைச் செங்கல் வச்சு அடைச்சிருந்தாரு. மனுஷன் உயரமா, ஒல்லியா, சவரம் பண்ணாம இருந்தாரு. பூங்காவனம் தார் சில்லை எடுத்து நீட்டினா. அவரு வாங்கி மோந்து பார்த்தாரு. ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தாரு. அப்புறம் கேட்டாரு, "தட்டுதா?"

"தட்டுதுங்க."

"எத்தனை தட்டு?"

"மூணு."

அவரு அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு.

தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லு."

வைக்கோல் படகு எப்படிப் போகும் தெரியுமா? வைக்கோலை மலை மாதிரி அடுக்கியிருப்பாங்க. பின்னால நின்னு தள்ளுறவருக்கு முன்னால என்ன வருதுன்னே தெரியாது. அதனால வீட்டுப் பிள்ளை யாரையாவது மூக்குல உட்கார வச்சு, கையில ஒரு கட்டையைக் குடுத்துடுவாங்க. பிள்ளை பார்த்துச் சொல்லணும். கத்தினா வைக்கோலைத் தாண்டிக் கேட்காது, ஆனா பலகையில தட்டினா படகு பூரா கேட்கும். ஒரு தட்டுன்னா வலப்பக்கம் ஒதுங்கு. ரெண்டு தட்டுன்னா இடப்பக்கம். மூணு தட்டு...

"மூணு தட்டுன்னா?"

நிறுத்து.

கன்னியப்பனுக்கு தேனுன்னு ஒரு பொண்ணு. உன் வயசுதான். அந்தச் சின்னப் பலகை அவளுக்காகப் போட்டது. நாள் பூரா உட்கார்ந்திருந்தா பிள்ளைக்குப் பொழுது போகுமா? விளையாட்டா தட்டுவா. மீன்கொத்தி உட்கார்ந்திருக்கு, பார்க்கணும். டொக் டொக் டொக். அப்பா நிறுத்துவாரு. தண்ணிப்பாம்பு நீந்துது. டொக் டொக் டொக். நிறுத்துவாரு. ஒரு நாள் இப்படி ரெண்டு தடவை நிறுத்தினாரு. மழை வேற வர்ற மாதிரி இருந்துச்சு, வைக்கோல் நனைஞ்சா போச்சு. அப்போ மூணாவது தடவை, பாலத்துக்கிட்ட, டொக் டொக் டொக். "சும்மா இருடி, விளையாடாதே"ன்னு சொல்லிட்டு, அவரு வேகமா தள்ளினாரு.

மேக்கால பெஞ்ச மழையில கால்வாத் தண்ணி ஏறியிருந்துச்சு. பாலம் தாழ்ந்து கிடந்துச்சு. அது தேனு கண்ணுக்குத் தெரிஞ்சுது, அவருக்குத் தெரியல. தடால்னு வைக்கோல் பாலத்துல இடிச்சுது. படகு ஒரு உலுக்கு உலுக்குச்சு. அவரு வைக்கோல் மேல ஏறி முன்னால ஓடிப் பார்த்தாரு. பலகை இருந்துச்சு. பலகை மேல தேனு இல்ல.

"கிடைச்சாளா சித்தி?"

இல்லம்மா. கிடைக்கல.

நீதான அழுகாச்சிக் கதை வேணும்னு கேட்டே. நிறுத்திடட்டா? வேண்டாமா? சரி, கிட்ட வந்து படு.

கன்னியப்பன் சொல்லி முடிச்சாரு.  பூங்காவனத்தோட முகத்தைப் பார்க்காம கேட்டாரு, "அது தட்டினப்போ நீ நிறுத்துனியாம்மா?"

 முனிரத்தினம் நிறுத்தல. சின்னபொண்ணு நிறுத்தல. "இல்லைங்க. பயந்துக்கிட்டு இன்னும் வேகமா தள்ளிட்டேன்."

"நானும் அதைத்தான் பண்ணேன்"னாரு அவரு. பூங்காவனம் படகை வந்து பார்க்கிறீங்களான்னு கேட்டா. முடியாதுன்னு தலையை ஆட்டினாரு.

திரும்பி வர்ற வழி எல்லாம் பூங்காவனத்துக்கு ஒரே யோசனை. உண்மையைச் சொன்னா எவ ஏறுவா? இது கோயில் படகு, சாமி தட்டுதுன்னு சொல்லிடலாமா? கும்பிட்டுட்டு ஏறிடுவாங்களே. நாலு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தா, நல்லாதான் இருந்துச்சு. ஆனா கரையில எல்லாரும் நின்னு "என்னடி?"ன்னு கேட்டதும், தேனுன்னு ஒரு பிள்ளை இருந்தாள்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லிட்டா.

அப்புறம் கடப்பாரையை வச்சு அந்த உள்பலகையைப் பேர்த்தாங்க. கிரீச்... டப்! உள்ள ஒரு கயித்துல ஒரு கட்டை தொங்கிக்கிட்டிருந்துச்சு. தேனு கையில பிடிச்சுத் தட்டுற கட்டை. பிடிக்கிற இடம் மட்டும் தேஞ்சு, ஒரு சின்னக் கைக்குத்தான் இடம். பாலத்துக்கிட்ட தண்ணி முட்டி மோதும்போது அது ஆடி இடிச்சிருக்கும் போல. அது மட்டும்தானான்னு கேட்டா எனக்குத் தெரியாது. பூங்காவனத்துக்கும் தெரியாது.

தொளசியக்கா மீன் அறுக்கிற கத்தியை நீட்டினா. "அறுத்து எறிஞ்சுடு பூங்கா. அப்புறம் சத்தமே வராது. நாங்களும் ஏறிடுறோம்."

பூங்காவனம் கத்தியை வாங்கினா. கயித்துக்கிட்ட கொண்டு போனா. கட்டை லேசா ஆடுச்சு. அவ கத்தியைத் திருப்பிக் குடுத்துட்டா. "முடியலக்கா. ஏற்கெனவே ஒரு தடவை சும்மா இருன்னு சொல்லியாச்சு"ன்னா.

பாதிப் பேர் அப்படியே திரும்பி, சுடுமணல்ல நடந்து போயிட்டாங்க. அவங்க அப்புறம் வரவே இல்ல. தொளசியக்கா மட்டும் முணுமுணுத்துக்கிட்டே படகுல ஏறினா. "மொறைக்காதே. கால் வலிக்குது, அதான் ஏறுறேன்"னா. அவ பின்னால இன்னும் ரெண்டு மூணு பேர். அந்தச் சின்னப் பலகையில மட்டும் ஒருத்தரும் கூடையைக் கூட வைக்கல.

சளக்... சளக்... படகு போச்சு. தூரத்துல பாலம். பாலத்துக்குப் பக்கத்துக் கரையில யாரோ நிக்கிறாங்க. உயரமா, ஒல்லியா. கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கிட்டு.

டொக். டொக். டொக்.

பூங்காவனம் கழியை ஆழமா ஊனி, மொத்தப் பலத்தையும் குடுத்து அழுத்திப் பிடிச்சா. படகு நின்னுடுச்சு. சளக் சத்தமும் நின்னுடுச்சு. எல்லார் வாயிலயும் கூடை இருக்கிற மாதிரி அப்படி ஒரு அமைதி. தண்ணி சும்மா போய்க்கிட்டே இருந்துச்சு. பாலம் உயரமாதான் இருந்துச்சு. எதிர ஒண்ணும் இல்ல.

கரையில நின்னவரு திரும்பல. ஆனா அந்த முதுகு குலுங்குச்சு.

அப்புறம் அவ மெல்ல கழியை எடுத்துத் தள்ளினா.

"ம்... அப்புறம் தினமும் நிறுத்துவாளா?"

தினமும்.

"ஒண்ணும் இல்லைன்னாலுமா?"

ஒண்ணும் இல்லைன்னாலும். நிறுத்துன்னு சொல்லுது இல்ல? நிறுத்திட்டுத்தான் போகணும். சரி, கண்ணை மூடு. நான் போய் விளக்கை அணைச்சுட்டு, அடுப்படியைப் பார்த்துட்டு...

என்னது? கட்டில்ல தட்டுறியா?

மூணு தட்டா?

சரி சரி. நின்னுட்டேன். எங்கேயும் போகல. கதை கரை சேர்ந்துடுச்சு, நீ தூங்கு.