காந்தன் விலகினால் கலவைநாச்சி குளிர்வது ஏன்

ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் மீசை இந்தக் காப்பிக்குள் உதிர்ந்து விழட்டும்.

அந்தக் காலத்தில் மாடும் பேசும், உலோகமும் பேசும், கல்யாணமும் கட்டிக்கொள்ளும். இரும்புக்கும் மாங்கனீசுக்கும் பிறந்தவள் கலவைநாச்சி. அவள் மனசுக்குள் எண்ணற்ற குட்டி நினைப்புகள், ஆளுக்கொரு திசை பார்த்துத் திரியும். புருஷன் காந்தன் கிட்டே வந்தால் போதும், அத்தனையும் அவன் பக்கம் திரும்பி வரிசை கட்டிவிடும். அவளுக்கு வெட்கத்தில் உடம்பு கொதிக்கும்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அழைத்துப்போக அப்பா இரும்பு ஓடைக்கரைக்கு வந்தார். எட்டியே நின்றார், கிட்டே வந்தால் மருமகனோடு ஒட்டிக்கொள்வாரே.

"விடுங்க மாப்பிள்ளை, ஒரு மாசந்தானே."

ஓடைத் தண்ணீரில் இருவரும் விடைபெற மனமில்லாமல் நின்றார்கள். நாச்சியின் சூட்டையெல்லாம் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. கடைசியில் காந்தன் பெருமூச்சோடு விலகினான். நினைப்புகள் கலைந்து ஓடின. ஓடுவதற்குச் சூடு வேண்டுமே, அதைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. நாச்சி சில்லிட்டுப்போனாள்.

அந்த வருஷம் ஆடியிலும் வெயில் தணியவில்லை. கரையில் ஓர் எருமைக்கன்று நாக்குத் தள்ளிக் கிடந்தது. நாச்சி அதன் நெற்றியில் கை வைத்தாள். கன்று கண் திறந்தது. சற்று நேரத்தில் கையின் குளிர் தீர்ந்தது. கன்றுக்கு மறுபடி இரைத்தது.

"ஆத்தா, உன் புருஷனைத் திரும்பக் கூப்பிடு," என்றது தாய் எருமை. "வரட்டும், சூட்டைத் தண்ணியில விடு, அப்புறம் போகட்டும். இல்லேன்னா என் பிள்ளை பிழைக்காது."

"ஆடியிலயா?" என்றார் இரும்பு.

"சேர்ந்து இருக்கலப்பா. வந்துட்டுப் போறார்," என்றாள் நாச்சி.

காந்தன் வந்தான், போனான். வந்தான், போனான். பொழுது சாய்வதற்குள் கன்று எழுந்து அம்மாவின் மடியை முட்டியது.

ஆடி முடிந்தும் ஊர் அவர்களைச் சேர்ந்திருக்க விடவில்லை. கோழி, நாய், கழுதை எல்லாம் குளிர்ச்சி கேட்டு வரிசையில் நின்றன. காந்தன் முகம் வாடியது.

"போனாத்தானே வர்றீங்க," என்று சிரித்தாள் நாச்சி. "ஒவ்வொரு தடவையும் எனக்குப் புதுசா இருக்கு."

அன்று முதல்தான் காந்தம் நெருங்கினால் அந்தக் கலவை சூடாகிறது, விலகினால் குளிர்கிறது. அதற்குப் பனிமலை வேண்டாம், நம் வீட்டு வெக்கையே போதும். குளிரூட்டும் வாயு இல்லாமல் குளிர்ப்பெட்டி செய்து பார்க்கிறவர்கள் காந்தத்தை ஓயாமல் போகவும் வரவும் விடுவதும் அதனால்தான்.

சொன்னது நான் என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். என் வீட்டுத் தாழ்ப்பாள் அந்த மாமனார் வகையறா. கோபம் வந்தால் திறக்காது.