எடுக்காதவங்கள விட்டுடு

எங்க ஃப்ளாட் சங்கத் தலைவர் புண்ணியகோடிக்கு ஒரே வயித்தெரிச்சல். அவர் ஆசையா கட்டின கேரம் ஹால் ஈ ஓட்டுது, பக்கத்து மைதானத்துலயோ சாயங்காலமானா திருவிழாக் கூட்டம். மைதானத்தை மூடியே ஆகணும்னு, சங்க ஆபீஸ்ல வேலை பாக்குற மேகலாவைக் கூப்பிட்டார்.

"ஆறு மணிக்கு எல்லா வீட்டுக்கும் இன்டர்காம் போட்டு, மைதானத்துக்குப் போறீங்களான்னு கேளும்மா. எடுக்காதவங்கள விட்டுடு."

எடுத்தவங்க எல்லாரும் "போறதில்லையே"ன்னாங்க.

சங்கக் கூட்டத்துக்குத் தலைவர் புதுப் பூட்டோடவே வந்துட்டார். "மைதானத்துக்கு ஒருத்தரும் போறதில்ல. பூட்டிடலாம்."

மேகலா எழுந்தா. "சார், நேத்து ஆறு மணிக்கு நான் மைதானத்துலயும் கேட்டேன். இந்நேரம் வீட்டுல இருப்பீங்களான்னு. ஒருத்தர்கூட இருக்கறதில்லையாம்."

"அதுக்கு?"

"அப்ப வீடும் யாருக்கும் வேணாம்தானே சார்? அதையும் பூட்டிடலாம். உங்க வீட்டுலேருந்து ஆரம்பிக்கலாமா?"

"என் வீட்டையா? ஏன்?"

பின்வரிசைல இருந்து அவர் மனைவி சொன்னாங்க. "நான்தான் அங்க ஷட்டில் ஆடிட்டிருந்தேனே. வீட்டுல ஃபோன் எடுக்க யாருங்க இருக்கா?"

கூட்டமே சிரிச்சிடுச்சு.

புதுப் பூட்டு வீணாகல. இப்ப கேரம் ஹால்ல தொங்குது.